கரி இட்வலின் புகைபோக்கி

இட்வல் பிரிட்சர்டின் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். எங்கள் தெருவில் எல்லா வீடுகளும் அப்படித்தான், மலைச்சரிவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். அவர் வானொலியில் எதைக் கேட்கிறார், எப்போது இருமுகிறார், தேநீர்ப் பாத்திரம் எப்போது கொதிக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அந்தக் குளிர்காலத்தில் புதிதாக இன்னொன்று தெரிந்தது. அவர் உட்காருவதே இல்லை. ஜன்னலிலிருந்து கணப்பு வரை ஒரு நடை, கணப்பிலிருந்து மாடிப்படி வரை ஒரு நடை, மறுபடி ஜன்னல். பிறகு வாசல் கதவு சாத்தும் சத்தம். பஸ்ஸுக்குப் போய்விட்டார் என்று அர்த்தம்.

எங்கள் ஊர் பிரின்கிளாசில் அவரை இட்வல் பிரிட்சர்ட் என்று சொன்னால் பாதிப் பேருக்குப் புரியாது. கரி இட்வல் என்று சொல்ல வேண்டும். வேல்சில் எந்த ஊரிலும் ஒரே பெயரில் நான்கைந்து பேர் இருப்பார்கள். அதனால் செய்யும் தொழில் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். தொழிலை விட்ட பிறகும் அது உரியாது. நாற்பது ஆண்டுகள் இந்த ஊருக்கும் மேலே உள்ள பண்ணைகளுக்கும் கரி போட்டவர் அவர்தான். முதுகில் தோல் விரிப்பு, தலையில் தட்டைத் தொப்பி, லாரியில் அடுக்கிய மூட்டைகள். எந்த வீட்டில் எத்தனை மூட்டை எரிகிறது என்று அவருக்குத் தெரியும். போன மாதம் நான்கு வாங்கிய வீடு இந்த மாதம் ஒன்று வாங்கினால் அங்கே ஏதோ சரியில்லை என்றும் தெரியும். வேலை போயிருக்கும், அல்லது ஆள் போயிருப்பார். அவர் ஏன் என்று கேட்டதில்லை. ஒரு மூட்டையை இறக்கிவிட்டு, "மழை வரும் போல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

ஆனால் ஊர் கேட்கும். லாரி எந்த வாசலில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று திரைக்குப் பின்னால் நின்று பார்க்கும். அதுவும் அவருக்குத் தெரியும்.

முழங்கால் தேய்ந்ததும் அவர் வியாபாரத்தைக் கடலோர ஊரிலிருக்கும் ஒரு கடைக்கு விற்றுவிட்டார். சொந்தத் தொழில் செய்தபோது ஓய்வூதியத்துக்கு ஒழுங்காகக் கட்டவில்லை. கைக்கு வந்தது லாரிக்குப் போனது. அதனால் வரும் ஓய்வூதியம் சிறியது. அது போதாததைச் சரிக்கட்டியது குளிர்காலப் பணம். முதியவர்கள் வீட்டைச் சூடாக வைத்துக்கொள்ள அரசு ஆண்டுதோறும் எல்லாருக்கும் போட்டுக்கொண்டிருந்த தொகை அது. வங்கியில் விழுந்த மறுநாள் அவர் கரிக்குச் சொல்லிவிடுவார். ஒரே தடவையில் பத்துப் பன்னிரண்டு மூட்டை. லாரி அவர் வாசலில் வெகுநேரம் நிற்கும். பழைய முதலாளி என்ற மிடுக்கோடு அவர் படியில் நின்று, மூட்டையை எப்படிச் சாய்க்க வேண்டும் என்று லாரிப் பையன் ரோட்ரிக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்த ஆண்டு கோடையில் அரசு விதியை மாற்றியது. வருமானம் குறைந்த முதியோருக்கு ஓய்வூதியத்துக்கு மேல் தரும் உதவித்தொகையை வாங்குகிறவர்களுக்கு மட்டும்தான் இனி குளிர்காலப் பணம். வாங்காதவர்கள் அந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். கிறிஸ்துமசுக்கு முந்தைய சனிக்கிழமை கடைசி நாள்.

அந்தச் செய்தி வந்த வாரம் வியாழக்கிழமை முதியோர் தேநீர்க் கூட்டத்தில் அதைப் பற்றித்தான் பேச்சு. இட்வலுக்குக் காது மந்தம். அதனால் அவர் எதைச் சொன்னாலும் கூடம் முழுக்கக் கேட்கும். அன்று அவர் சொன்னதும் கேட்டது.

"தன் வீட்டுக் கரியைத் தானே வாங்க முடியாதவன், கை நீட்டிக்கிட்டு வரிசைல நிக்கறதுக்குப் பதிலா வீட்டை வித்துட்டுப் போகலாம். நாப்பது வருஷம் நான் பார்க்காத வீடா? கஷ்டம்னு சொல்லிக்கிட்டு யாரும் என்கிட்ட வந்ததில்ல. மானமா இருந்தாங்க."

தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்த மிஸஸ் பாரி, எங்கள் எதிர்வரிசையில் குடியிருப்பவர், தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர், இட்வலின் கோப்பையை அவர் குடித்து முடிப்பதற்கு முன்பே எடுத்துக்கொண்டு போனார்.

அப்போது ஜூலை. வெயில் அடித்தது. நவம்பரில் பணம் வராது என்பதை அவர் வாயால் சொன்னாரே தவிர, உடம்பு நம்பவில்லை போலும். நவம்பர் வந்தது. பணம் வரவில்லை.

ஒரு மூட்டை வாங்கியிருக்கலாம். அதற்கு அவரிடம் காசு இருந்தது. ஆனால் கரி இட்வல் வாசலில் லாரி நின்று ஒரே ஒரு மூட்டையை இறக்கிவிட்டுப் போவதா? அதன் அர்த்தம் என்னவென்று இந்த ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். ஒன்று வாங்குவதைவிட ஒன்றும் வாங்காமல் இருப்பது மேல் என்று முடிவு செய்தார். போன குளிர்காலத்தில் நுரையீரலில் சளி கட்டி மருத்துவமனையில் கிடந்தவர். அறையைச் சூடாக வைத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த முறை திரும்பி வரமாட்டீர்கள் என்று டாக்டர் நேராகவே சொல்லி அனுப்பியிருந்தார்.

எனவே பஸ். முதியோருக்கு இங்கே பஸ்ஸில் காசு கிடையாது, உள்ளே நன்றாகச் சூடாகவும் இருக்கும். காலையில் ஏறி கடற்கரை ஊர் வரை போவார், அங்கே இறங்கி அடுத்த பஸ்ஸில் மலை தாண்டுவார், மாலையில் திரும்புவார். கையில் எப்போதும் ஒரு பை இருக்கும், ஏதோ வேலையாகப் போவதுபோல. ஓட்டுநர் கெரைன்ட் அவரைச் சீண்டாமல் விடமாட்டார்.

"என்ன முதலாளி, இன்னிக்கும் டவுனா? பேசாம கம்பெனில சொல்லி உங்க பேர்ல ஒரு சீட்டு எழுதி வைக்கச் சொல்லட்டுமா?"

"வேலை இருக்குப்பா. உன்னை மாதிரி உக்காந்துக்கிட்டே சம்பளம் வாங்கறவனா நான்?"

"பையில என்ன?"

"சாமான்."

"நேத்து போனப்பவும் இதே சாமான்தான் இருந்துச்சு. திரும்பி வந்தப்பவும் அதேதான்."

"ரோட்டைப் பார்த்து ஓட்டு."

பஸ்ஸிலும் அவரால் ஒரே இடத்தில் உட்கார முடியவில்லை. முன் சீட்டில் காற்று வருகிறது என்று பின்னால் போவார், பின்னால் என்ஜின் இரைச்சல் என்று நடுவுக்கு வருவார். டிசம்பர் பிறந்ததும் மனம் இன்னொரு பக்கம் அலைய ஆரம்பித்தது. விண்ணப்பித்துவிடலாம். யாருக்கும் தெரியாமல்.

தொலைபேசியில் பேசினாலே போதும். ஆனால் அவருக்குக் கேட்க வேண்டுமானால் மறுமுனையில் கத்த வேண்டும், இவரும் கத்துவார், நடுவில் இருப்பது ஒரே சுவர். அந்தப் பக்கம் நான். எனக்குக் கேட்டால் தெருவுக்குக் கேட்டதுபோல என்று நினைத்திருக்கிறார். நான் யாரிடமும் அதிகம் பேசுகிறவள் இல்லை. அது அவருக்கு இன்னும் சந்தேகத்தைத்தான் கொடுத்தது.

செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு பெண் உட்கார்ந்து இந்த விண்ணப்பங்களைப் போட்டுக் கொடுப்பாள். அவள் பெயர் மெய்னிர். இட்வலின் அண்ணன் மருமகள். அங்கே போவது நடக்காது.

அதனால் கடற்கரை ஊரிலிருக்கும் ஆலோசனை மையத்துக்குப் போனார். அங்கே ஒரு சின்னப் பெண். வெல்ஷ் மொழியில் அன்பாகத்தான் பேசினாள்.

"உக்காருங்க. எந்த ஊர் நீங்க?"

"மேல. மலைப் பக்கம்."

"மேலன்னா எது? பிரின்கிளாசா?"

"அதுக்குப் பக்கத்துல."

"எங்க பாட்டி பிரின்கிளாஸ்தான்! கீழ்த்தெரு. நீங்க யார் வீட்டுப் பிள்ளை?"

எங்கள் ஆட்கள் முகம் தெரியாத ஒருவரைப் பார்த்தால் உறவை, தெருவை, தேவாலயத்தை வைத்து யாரென்று கண்டுபிடிக்காமல் விடமாட்டார்கள். அது விசாரணை இல்லை, மரியாதை. கேட்காமல் விட்டால்தான் தப்பாக எடுத்துக்கொள்வார்கள். இட்வலும் வாழ்நாள் முழுக்க எல்லாரிடமும் கேட்டவர்தான்.

"பிரிட்சர்ட்" என்றார், வேறு வழியில்லாமல்.

"பிரிட்சர்ட்… பிரிட்சர்ட்… அய்யோ, கரி இட்வலா நீங்க! பாட்டி உங்களைப் பத்திச் சொல்லாத நாள் இல்ல. பனியில லாரி ஏறாதப்ப மூட்டையை முதுகுல தூக்கிக்கிட்டு வந்தீங்களாமே! சொல்லுங்க, உங்களுக்கு என்ன செய்யணும்?"

"கழிப்பறை எங்க இருக்குன்னு கேக்க வந்தேன்" என்றார் இட்வல். அவள் காட்டினாள். மரியாதைக்காக அங்கே போய் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு, பஸ் நிலையத்துக்கு நடந்தார்.

கடைசிக்கு ரெக்ஸம்தான் மிஞ்சியது. இரண்டு பஸ் மாறி, மலை முழுவதையும் குறுக்கே கடந்து, இங்கிலாந்து எல்லையைத் தொடுகிற இடத்திலுள்ள நகரம். அங்கே பெரும்பாலும் ஆங்கிலம்தான். யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்கமாட்டார்கள். கெடு முடிவதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, நல்ல மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

ரெக்ஸம் ஆலோசனை மையத்தில் ஒரு நீளமான அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், சூடு அதிகமாக வைத்ததால் ஆவி படிந்த ஜன்னல். வாசலில் பெயரைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். மூலையில் ஒரு பெண்மணி தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அறிவிப்பை உற்றுப் படித்துக்கொண்டிருந்தார். அந்தத் தொப்பியை இட்வல் ஞாயிறுதோறும் பின்னாலிருந்து பார்த்திருக்கிறார்.

"மிஸஸ் பாரி!"

அவர் திரும்பவில்லை. பிறகு, திரும்பாமல் இருக்க முடியாது என்று தெரிந்ததும் திரும்பினார்.

"இட்வல். நீ எங்க இங்க?"

"கண்ணாடி. கண்ணாடி மாத்தணும். நீங்க?"

"பொத்தான் வாங்க வந்தேன்."

"ஓ."

"கண்ணாடிக் கடை அடுத்த தெருவுல இல்ல இருக்கு?"

"ஆமா. பொத்தான் கடையும் அங்கதான் போல."

"மழை. ஒதுங்கினேன்."

"நானும் மழைக்குத்தான்."

வெளியே மழை இல்லை. இரண்டு நாற்காலி தள்ளி இட்வல் உட்கார்ந்தார். உடனே எழுந்தார். ஜன்னலில் ஆவியைத் துடைத்து வெளியே பார்த்தார். திரும்பி வந்து வேறு நாற்காலியில் உட்கார்ந்தார்.

உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பருத்த பெண் எட்டிப் பார்த்தாள். கழுத்தில் தொங்கிய அட்டையில் டோனா என்று எழுதியிருந்தது.

"டெக்வென் பாரி?"

மிஸஸ் பாரி அசையவில்லை.

"டெக்வென் பாரி இருக்காங்களா? வாங்க கண்ணு, உங்க முறை."

"அது நான் இல்ல" என்றார் மிஸஸ் பாரி, அறையில் யாரும் அவரைக் கேட்காதபோதே. எழுந்தார், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார், இட்வலைப் பார்க்காமல் அவரைத் தாண்டி வெளியே போனார்.

டோனா காகிதத்தைப் பார்த்தாள். "சரி, அடுத்தது… இட்வல் பிரிட்சர்ட்?"

வந்த காரியம் நடக்கப்போகிறது. தெரிந்த ஒரே ஆளும் போய்விட்டார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் ஊரில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. இட்வல் எழுந்து இரண்டடி வைத்தார். ஜூலை மாதத்துத் தேநீர்க் கூடம் அப்போது அவருக்கு ஞாபகம் வந்தது என்று பிறகு சொன்னார். பாதி குடித்த கோப்பையை எடுத்துக்கொண்டு போன கை. அப்போது அந்த அம்மாள் ஏதோ அவசரத்தில் இருக்கிறாள் என்றுதான் நினைத்தாராம்.

"ஒரு நிமிஷம்" என்று டோனாவிடம் சொல்லிவிட்டு வெளியே ஓடினார். ஓட்டம் என்றால், முழங்கால் விடுகிற அளவுக்கு.

மிஸஸ் பாரி தெரு முனை வரை போய்விட்டிருந்தார்.

"மிஸஸ் பாரி! நில்லுங்க! உங்க முறை!"

"என்ன முறை? பொத்தானுக்கா?"

"நாளையோட முடியுது. இன்னிக்கு விட்டா அவ்வளவுதான்."

"எது முடியுது? எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் என்ன வீட்டை வித்துட்டுப் போகப் போறவளா?"

இட்வல் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். இருமல் வந்தது. அது அடங்கும்வரை அவர் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, மிஸஸ் பாரி போகவும் இல்லை, பக்கத்தில் வரவும் இல்லை.

"நானும் அதுக்குத்தான் வந்தேன்" என்றார் இட்வல்.

"எதுக்கு?"

"வரிசைல நிக்க. கை நீட்ட. என் வீட்டுல நவம்பர்லேர்ந்து நெருப்பு இல்ல."

அவர் குரல் அவர் குரல்தானே. எதிர் நடைபாதையில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"தெரியும்" என்றார் மிஸஸ் பாரி.

"என்ன தெரியும்?"

"உன் புகைபோக்கில புகை வரலன்னு தெரியும். ஊருக்கே தெரியும் இட்வல். காக்கா உள்ள குடித்தனமே பண்ணுது. நாப்பது வருஷம் எங்க எல்லார் புகைபோக்கியையும் பார்த்தவன், உன்னுதை நாங்க பார்க்க மாட்டோம்னு நினைச்சியா?"

"அப்ப கெரைன்டுக்கும் தெரியுமா?"

"பஸ்ல இன்னொரு புள்ளி சூட்டைக் கூட்டி வைக்கிறதே உனக்காகத்தான். மத்தவங்க கோட்டைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டுப் போறாங்க."

இட்வலுக்கு நிற்கவும் முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை. கம்பத்தை விட்டார், பிடித்தார்.

"நீங்க?" என்றார் கடைசியில். "நீங்க எப்படி…"

"நான் ஆர்கன் பழகறேன்."

"தினமும் கேக்குதே, காலைல பஸ்ஸுக்குப் போறப்பவும் சாயங்காலம் திரும்பறப்பவும். கிறிஸ்துமசுக்குன்னு நினைச்சேன்."

"தேவாலயத்துல ஆர்கன் பக்கத்துல ஒரு ஹீட்டர் இருக்கு. ஆர்கன் ஈரமாகக் கூடாதாம். கரண்ட் செலவு சபையோடது. போதகர் நான் திடீர்னு ரொம்ப பக்தியாயிட்டேன்னு போன வாரம் பிரசங்கத்துலயே சொல்லிட்டார்."

இருவரும் திரும்பி உள்ளே போனபோது டோனா கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். மூடுவதற்கு நேரமாகிவிட்டது, ஒருவருக்குத்தான் நேரம் இருக்கிறது என்றாள். இல்லையென்றால் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து மாற்றி மாற்றிக் கேட்டுப் போட்டுவிடலாம். "ஆனா ஒருத்தர் விவரம் ஒருத்தருக்குத் தெரிஞ்சிடும். பரவாயில்லையா கண்ணு?"

யாருக்கும் தெரியக்கூடாது என்று மலை தாண்டி வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இட்வல் நாற்காலியை இழுத்துப் போட்டார், முதலில் மிஸஸ் பாரிக்கு.

"சேமிப்பு எவ்வளவு இருக்கும் மிஸ்டர் பிரிட்சர்ட்?"

"ஏதோ இருக்கு. கொஞ்சம் ஒதுக்கி வச்சிருக்கேன்."

"கொஞ்சம்னா?"

"ஒரு மனுஷன் மானமா இருக்கற அளவுக்கு."

"எண்ணைச் சொல்லு இட்வல்" என்றார் மிஸஸ் பாரி. "பாவம், அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போகணும்."

சொன்னார். சவ அடக்கத்துக்கு வைத்திருந்ததைத் தவிர ஒன்றுமில்லை.

"வீட்டைச் சூடு பண்ண என்ன உபயோகிக்கறீங்க?"

"கரி" என்றார் இட்வல் நிமிர்ந்து. "முதல் தரக் கரி."

"பஸ்" என்றார் மிஸஸ் பாரி.

டோனா எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். இட்வல் சிரிக்கவில்லை. எழுந்து கதவு வரை போய் வந்தார். அடுத்த கேள்விகள் மிஸஸ் பாரிக்கு. அவர் கணவர் விட்டுப்போன ஓய்வூதியத்தைப் பற்றிச் சொன்னபோது இட்வல் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், காது கேட்காதவர் போல. அன்றைக்கு மட்டும் அது நன்றாகவே கேட்டதாம்.

திரும்பும் பஸ்ஸில் வேறு வேறு சீட்டில்தான் உட்கார்ந்தார்கள். பாதி வழியில் இட்வல் காற்று வருகிறது என்று எழுந்து, இரைச்சல் என்று எழுந்து, கடைசியில் மிஸஸ் பாரிக்குப் பக்கத்துச் சீட்டில் வந்து விழுந்தார். "இங்கயாவது கொஞ்சம் அடங்கி உக்காரு" என்றார் அவர். வேறெதுவும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை.

விண்ணப்பம் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் நாடு முழுக்கக் குவிந்துகிடப்பதால் பதில் வர வாரங்கள் ஆகும் என்று டோனா சொல்லியிருந்தாள். கிடைக்குமா என்பதும் பதில் வந்தால்தான் தெரியும்.

மறுநாள் சனிக்கிழமை, பட்டப்பகலில், கரி லாரி எங்கள் தெருவில் ஏறி வந்தது. தெரு முழுக்கத் திரைகள் லேசாக ஆடின. என்னுடையதும்தான். ரோட்ரி இறங்கி ஒரு மூட்டையை முதுகில் சாய்த்துக்கொண்டு வந்தான். அடுத்ததை எடுக்க லாரிக்குத் திரும்பியவனை இட்வல் கூப்பிட்டார்.

"போதும்."

"ஒண்ணுதானா?"

நாற்பது வருடம் அவர் எந்த வாசலிலும் கேட்காத கேள்வி அது. பையனுக்கு அது தெரியாது. இட்வல் படியில் நின்றார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கோட்டுப் பையில் விட்டார், எடுத்தார்.

"ஒண்ணுதான்" என்றார். அவருக்கே உரிய குரலில். கீழ்த்தெரு வரை கேட்டிருக்கும்.

லாரி போய்விட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் சாம்பல் வாரும் சத்தம், சுள்ளி ஒடிக்கும் சத்தம், இருமல். கொஞ்ச நேரத்தில் வாசல் கதவு திறந்தது. இட்வல் தெருவுக்கு நடுவில் வந்து நின்று தலையைத் தூக்கித் தன் புகைபோக்கியைப் பார்த்தார். உள்ளே போனார். மறுபடி வெளியே வந்தார். இரண்டு காகங்கள் கூரையில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தன. புகை முதலில் கீழ்நோக்கித்தான் வந்தது, பிறகு மெல்ல நிமிர்ந்தது.

எதிர்வரிசையில் ஒரு ஜன்னல் திறந்தது. மிஸஸ் பாரியின் தலை.

"சுள்ளி ஈரம்!" என்றார். "நாப்பது வருஷம் கரி வித்தவனுக்கு ஒரு நெருப்பு மூட்டத் தெரியல!"

"உங்க வேலையைப் பாருங்க! ஆர்கன் காயுது அங்க!"

"இன்னிக்கு லீவு. கணப்பு பத்திக்கிச்சுன்னா கெட்டிலை வை, வரேன்."

ஜன்னல் மூடியது. இட்வல் உள்ளே ஓடினார். சுவருக்கு அந்தப் பக்கம் நடை தொடங்கியது. கணப்பிலிருந்து ஜன்னலுக்கு, ஜன்னலிலிருந்து சமையலறைக்கு, மறுபடி கணப்புக்கு.